கொரோனா காலத்தில் கார்னிவல் நின்றுபோனது டிரினிடாட் மக்களின் சமூக வாழ்வை எப்படிப் பாதித்தது?

கரீபியன் தீவான டிரினிடாட்டில், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும் நடக்கும் ஊர்வலத்தை மட்டும் கார்னிவல் என்று எண்ணினால், இழப்பு இரண்டு நாள் கொண்டாட்டமாகவே தோன்றும். உண்மையில் இழந்தது அதற்கு முந்தைய பல வார வாழ்க்கையை. எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தகட்டைச் சுத்தியலால் குழித்து, ஒவ்வொரு சுரத்துக்கும் தனிப் புடைப்பு அமைத்து உருவாக்கும் ஸ்டீல்பேன் கருவியை, ரப்பர் சுற்றிய குச்சிகளால் நூறு பேர் வரை ஒன்றாக வாசித்துப் பழகும் 'பேன்யார்டு' என்ற திறந்த முற்றம்தான் பல தெருக்களின் கூடுமிடம். ஒத்திகை கேட்க அக்கம்பக்கத்தார் இரவுதோறும் அங்கே கூடுவார்கள். உடைகளுக்குக் கம்பி வளைப்பவர்களுக்கும் இறகு ஒட்டுபவர்களுக்கும் தையல்காரர்களுக்கும் அந்த மாதங்களே வருமானக் காலம்.

2020 பிப்ரவரியில் விழா முடிந்த சில வாரங்களில், மார்ச் 12 அன்று, நாட்டின் முதல் தொற்று உறுதியானது. 2021 விழா ரத்தானது. 2022இல் கட்டுப்பாடுகளோடு சில அரங்க நிகழ்ச்சிகள் மட்டுமே நடந்தன. இணையத்தில் இசையைக் கேட்க முடிந்தது, ஆனால் தோளோடு தோள் உரச நின்று வாசிப்பதற்கு அது ஈடாகவில்லை என்றே நான் கருதுகிறேன். இதற்கு முன் இரண்டாம் உலகப்போரின்போதும் விழா தடைப்பட்டது. 1972இல் இளம்பிள்ளை வாதம் பரவியதால் மே மாதத்துக்குத் தள்ளிப்போனது. கொரோனாவுக்குப் பின் தெரு ஊர்வலம் முழு அளவில் திரும்பியது 2023 பிப்ரவரியில்தான்.