முயலும் புள்ளியும்

அன்புள்ள ஐயா,

தேவகோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன்னுக்குக் கணினி அறிவியல் எடுக்கிறேன். தற்சுழற்சி (ஒரு ஃபங்ஷன், அதாவது ஒரு வேலைக்கான நிரல் துண்டு, தன்னையே கூப்பிடுவது) பாடத்துக்கு மக்கள்தொகைக் கணக்கைத்தான் உதாரணமாகச் சொல்வேன். ஊரில் 10,000 பேர், வருடத்துக்கு 2 சதவீதம் கூடுகிறது, பத்து வருடம் கழித்து எத்தனை பேர்? இந்த முறை ஒரு பையன், "இதை ஃபார் லூப்பிலேயே போடலாமே சார், எதுக்கு ஃபங்ஷன் தன்னையே கூப்பிடணும்?" என்றான். சரியான பதில் சொல்ல முடியவில்லை. நீங்கள் முன்பு வாத்தியாராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பையன் சொன்னது சரி. உங்கள் கணக்கு வட்டிக்கு வட்டிதான். காரைக்குடிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்? அதற்கு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் வரிகள்) போதும், லூப்கூட வேண்டாம், ஒரே வரிச் சூத்திரம் போதும். தவிர, மாறாத சதவீதம் என்று ஒன்று எந்த ஊரிலும் கிடையாது. இந்தியாவின் பத்தாண்டு வளர்ச்சியே 1961-71இல் 24.8 சதவீதம், 2001-11இல் 17.7.

நானும் இதில் அடிபட்டவன்தான். நான் பிபனாச்சி என்ற இத்தாலியக் கணித அறிஞரின் முயலோடு வகுப்புக்குப் போனேன். 1202இல் அவர் போட்ட கணக்கு அது. குட்டி ஜோடி ஒரு மாதத்தில் வளரும், அடுத்த மாதத்திலிருந்து மாதம் ஒரு ஜோடி ஈனும். இந்த மாத ஜோடிகள் என்றால் போன மாதம் இருந்தவையும் புதுக்குட்டிகளும். புதுக்குட்டிகள் எத்தனை? அதற்கு முந்தின மாதம் இருந்த ஜோடிகள் எத்தனையோ அத்தனை. கரும்பலகையில் 1, 1, 2, 3, 5, 8 என்று எழுதிக்கொண்டிருந்தபோது ஒருத்தன் எழுந்து, "முயல் சாகாதா சார்?" என்றான். அன்றைக்குக் கோபம் வந்தது. இன்றைக்கென்றால் அதையே அடுத்த கணக்காக வைத்திருப்பேன். ஒவ்வொரு ஜோடியும் மூன்றே மாதம் இருக்கும் என்று வைத்தால் பத்தாவது மாதம் 55 ஜோடி இல்லை, 12தான்.

முயலிலும் உங்கள் பையன் லூப் போட்டுவிடுவான். அதனால் முதல் நாள் முயல் வேண்டாம். உங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது: புள்ளி. வகுப்பில் எல்லாரும் நகரத்தார் வீட்டுப் பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள், ஆனாலும் அந்தப் பக்கத்தில் புள்ளி தெரியாதவர்கள் குறைவு. இளையாத்தங்குடி, பிள்ளையார்பட்டி என்று நகரத்தாரின் ஒன்பது கோயில்களிலும் ஆள் கணக்கு இல்லை, புள்ளிக் கணக்குதான். கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. மகனுக்குக் கல்யாணமாகி வேறு வைத்தால், ஒரே வளவுக்குள் இருந்தாலும் அடுப்பு வேறு, புள்ளி வேறு.

இப்போது வகுப்பிலேயே ஒரு குடும்பத்தை நிறுத்துங்கள். ஐயாவுக்கு மூன்று மகன்கள். மூத்தவருக்குக் கல்யாணமான மகன்கள் இரண்டு பேர். நடுவிலவருடைய பையன்கள் படிக்கிறார்கள். கடைசி மகனுக்கு இன்னும் பெண் பார்க்கிறார்கள். உங்கள் வீட்டில் எத்தனை புள்ளி என்று ஐயாவாக நிற்கும் பையனைக் கேளுங்கள். ஒரே நிபந்தனை, அவன் மகன்களை மட்டும்தான் கேட்கலாம், பேரன்களிடம் பேசக்கூடாது. மகன்களுக்கும் அதே விதி. கல்யாணமாகாதவன் 'பூஜ்யம்' என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். கல்யாணமானவன் தனக்கு ஒன்று வைத்து, மகன்கள் சொன்னதைக் கூட்டி, அப்பச்சியிடம் (அப்பாவிடம்) சொல்ல வேண்டும். மூத்தவரிடமிருந்து 3, நடுவிலவரிடமிருந்து 1, கடைசியிலிருந்து 0, ஐயா தனக்கு 1. மொத்தம் 5. எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள், யாருக்கும் முழுக் குடும்பமும் தெரிந்திருக்கத் தேவைப்படவில்லை. ஃபங்ஷன் தன்னையே கூப்பிடுவது இதுதான். (பெண்பிள்ளைகள் ஏன் இந்தக் கணக்கில் இல்லை என்று ஒரு மாணவி கேட்பாள். கல்யாணமானதும் கணவன் கோயில் புள்ளியில் சேர்ந்துவிடுவாள் என்பது விடை. அவள் அதில் திருப்தியடையாவிட்டால் எனக்குச் சந்தோஷம்.)

பூஜ்யம் சொல்லி உட்காருகிற அந்தக் கடைசி மகனை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் தப்பு விடுவது அந்த இடத்தில்தான். உங்கள் பழைய மக்கள்தொகை ஃபங்ஷனில் எங்கே நிற்பது என்ற வரியை அழித்துவிட்டு பைத்தான் மொழியில் ஓட்டிக் காட்டுங்கள். ஆயிரம் அடுக்கு இறங்குவதற்குள் அது கையை விரித்துவிடும்.

முயலை இரண்டாம் வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாதத்துக்கு ஒவ்வொரு ஜோடி என்று நிறுத்தி, முப்பதாவது மாதத்தைக் கேட்டால் விடை 8,32,040. ஆனால் அதற்காக ஃபங்ஷன் 16,64,079 தடவை கூப்பிடப்படுகிறது, ஏனென்றால் ஐந்தாம் மாதத்தையும் ஆறாம் மாதத்தையும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து போடுகிறது. செட்டியார் கடையில் இப்படிக் கணக்குப் பார்த்தால் விடுவார்களா? ஒருமுறை கண்டதைப் பேரேட்டில் ஏற்றிவிட்டு, அடுத்த முறை ஏட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். 28 கூட்டலில் முடிந்துவிடும்.

அப்புறம் அந்தப் பையன். புள்ளிக் கணக்கை லூப்பில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை தலைமுறை என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். லூப்புக்குள் லூப், அதற்குள் இன்னொன்று என்று போட்டு, எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் திணறுவான். இன்னும் கேட்கவேண்டியவர்களை ஒரு பட்டியலில் எழுதிக்கொண்டே போகலாம் என்று அவனே கண்டுபிடித்துவிட்டால், அதற்கு ஸ்டாக் என்று பெயர் இருப்பதை அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்