சுருதி ஏறிய பாட்டு: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐம்பது வருடமாக ரேடியோவில் பாட்டுக் கேட்பவன் நான். இலங்கை வானொலி, திருச்சி நிலையம் இரண்டும்தான் எனக்குக் கச்சேரி மேடை. இப்போது என் மீடியம் வேவ் செட்டில் பொழுது சாய்ந்தால் ஒரே இரைச்சல். பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா? மகன் பழைய பாட்டுகளை ஃபோனில் இறக்கித் தந்தான். மனம் ஒட்டவில்லை. டி.எம்.எஸ். குரல் மெலிந்திருக்கிறது, பாட்டு யாரோ துரத்துவதுபோல ஓடுகிறது. ‘உங்கள் காதுக்கு வயதாகிவிட்டது’ என்கிறான். பேத்தி அதைக் கேட்டுத்தான் பாடிப் பழகுகிறாள். ‘ஒரிஜினல்’ என்று நண்பர்களுக்கும் அனுப்பினேன். ரேடியோவிலிருந்து டூ-இன்-ஒன்னில் பிடித்த கேசட்டுகள் ஒரு பெட்டி இருக்கின்றன. அவற்றை எறியச் சொல்கிறார்கள். இந்தக் காலப் பாட்டுகளைப் பற்றியும் எழுதுங்கள்.

நெடுநாள் நேயர், மன்னார்குடி

அன்புள்ள நேயருக்கு,

சில நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில் கை வைத்துவிட்டீர்கள்.

ரேடியோவை எறிய வேண்டாம். பேட்டரியில் ஓடவிட்டு வீட்டு மெயினை ஒரு நிமிடம் அணையுங்கள். இரைச்சல் நின்றால் காரணம் எல்இடி பல்போ ஃபோன் சார்ஜரோதான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்று பிடிபடும். பிறகு செட்டை மேசைமேல் மெல்லத் திருப்புங்கள். உள்ளே ஏரியலாக இருக்கும் ஃபெரைட் ராடின் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அங்கிருந்து வருவது அமுங்கும். இந்தக் காலப் பாட்டுகளைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கேட்காமலே வெறுக்க நான் துணை வரமாட்டேன்.

உங்கள் காதுக்கு வருகிறேன். வயது முதலில் மேல் ஒலிகளைத்தான் கொண்டுபோகும். ஜால்ரா மங்கும், ‘ஸ’ ஓசை மங்கும். பாட்டின் வேகம் அதனால் மாறாது. வேகமாக ஓடுகிறதா என்பதைக் கடிகாரம் சொல்லிவிடும். சினிமாச் சுருளில் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடும். நம் பழைய தொலைக்காட்சியின் ‘பால்’ (PAL) ஒளிபரப்பு முறைக்கு நொடிக்கு 25 வேண்டியிருந்தது. படத்தை வீடியோவாக்கும்போது 24-ஐ 25-ஆக ஓட்டிவிடுவதுதான் சுலபமான வழி. விசிடி, டிவிடி பலவும் அப்படி வந்தவை. அவற்றிலிருந்து உருவிய ஒலிதான் பல இடங்களில் பாட்டாகச் சுற்றுகிறது. 3 நிமிடம் 30 நொடிப் பாட்டு 3 நிமிடம் 22 நொடிக்குள் முடிந்துவிடும்.

எட்டு நொடிதானே என்று விடாதீர்கள். வேகத்தோடு சுருதியும் 71 சென்ட் ஏறுகிறது. 100 சென்ட் என்றால் ஒரு அரைச்சுரம். ஒரு கட்டையில் பாடியது ஒன்றரைக் கட்டைக்குக் கொஞ்சம் கீழே போய் நிற்கும். ஆர்மோனியத்தில் அந்த இடத்தில் கட்டையே கிடையாது. பேத்தியைப் போய் அங்கே நிறுத்தியிருக்கிறீர்கள்! நாளைக்கு யாராவது ஆர்மோனியத்தை எடுத்தால், குழந்தைக்குச் சுருதி நிற்கவில்லை என்று அவளைத்தான் வைவார்கள். அதோடு, தொண்டையும் வாயும் சேர்ந்து எழுப்பும் ஒத்ததிர்வுகளும் மேலே போய்விடுகின்றன. நீங்கள் கேட்ட மெலிவு அதுதான். டி.எம்.எஸ். குரலின் கனத்தை உங்கள் காது இன்னும் மறக்கவில்லை.

மீடியம் வேவ் பாட்டைக் குறைத்துவிடும் என்பது உண்மை. நிலையங்களை 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நெருக்கி வைத்திருப்பதால், சாதாரண செட்டில் நாலரை கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக ஒன்றும் தேறாது. எஃப்எம்மில் 15 வரை வரும். ஆனாலும் மீடியம் வேவ் சுருதியைத் தொடாது. முள் சற்று விலகினால் ஒலி கீச்சிடும், சிதையும், ஆனால் ஆதார சுரமான ஷட்ஜம் அசையாது. இரவில் இலங்கை நிலையம் மங்கி மங்கித் திரும்பும்போதும் அது அங்கேயேதான் இருக்கும். இசைத்தட்டுச் சுழற்றியவர்களுக்கும் வேகத்தில் கவனம் இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும் மேசைமேல் 77 கோடு போட்ட வட்டத்தை வைத்து, 50 சைக்கிள் மின்சாரத்தில் எரியும் விளக்கடியில் பார்ப்பார்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி.

கோப்பைத் திருத்த, கணினியில் ஒலியைத் திருத்தும் ஒடாசிட்டி என்ற மென்பொருள் போதும். வேகத்தை மாற்றும் கட்டளையில் மைனஸ் 4 சதவீதம் கொடுங்கள். டெம்போ என்று இருப்பதைத் தொடாதீர்கள். அது காலத்தை மட்டும் நீட்டும், சுருதியை ஏறிய இடத்திலேயே விட்டுவிடும். ஆனால் எல்லாக் கோப்புக்கும் கண்ணை மூடிக்கொண்டு 4 கழிக்கக் கூடாது. முதலில் அளக்க வேண்டும். அந்தப் பாட்டு ரேடியோவில் வரும்போது, பல்லவித் தொடக்கத்திலிருந்து முதல் சரணத் தொடக்கம்வரை ஸ்டாப்வாட்ச்சில் எடுங்கள். முழு நீளத்தை ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள், இசைத்தட்டில் ஒரு சரணம் குறைந்திருக்கலாம். ரேடியோவில் 75 நொடி, கோப்பில் 72 நொடி என்றால் விஷயம் உறுதி. திருத்தியதை, முன்பு அனுப்பிய ஒவ்வொருவருக்கும் மறுபடி அனுப்புங்கள். ‘ஒரிஜினல்’ என்று எழுதி அனுப்பியது நீங்கள்தானே?

கேசட்டுகளைத் தயவுசெய்து எறியாதீர்கள். போடுவதற்கு முன் ஒரு முறை முழுக்க முன்னும் பின்னும் ஓடவிடுங்கள், ஒட்டியிருக்கும் நாடா தளரும். டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சின்ன ஃபெல்ட் துண்டு உதிர்ந்திருந்தால் வேறொரு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம். இன்னொன்று: பேட்டரி இறங்கும்போது பதிவு செய்திருந்தால் மோட்டார் மெதுவாக ஓடியிருக்கும், இன்று நல்ல டெக்கில் அது வேகமாகக் கேட்கும். பக்கத்தின் தொடக்கத்தில் சரியாக இருந்து முடிவில் ஏறியிருக்கும். அதனால் பாட்டுக்குப் பாட்டு தனியாக அளக்க வேண்டும். செய்திக்கு முன் நொடிக்கு ஒன்றாக வரும் அந்த ‘பீப்’ எங்காவது நாடாவில் அகப்பட்டிருக்கிறதா பாருங்கள். ஒடாசிட்டியில் அதைப் பெரிதாக்கி இரண்டு பீப்புக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்தால், அந்த இடத்தில் நாடா எத்தனை சதவீதம் தவறுகிறது என்று தெரிந்துவிடும். அகப்பட்டால் எந்தக் கேசட், எந்தப் பக்கம் என்று எனக்கு எழுதுங்கள்.