கேள்வி – பதில்: வளர்ந்துவிட்ட ஆமைக்குப் புதிய வீடு தேடுவது எப்படி?

கேள்வி: உள்ளங்கையில் அடங்கும் குஞ்சாக வாங்கிய சல்கட்டா ஆமை, 14 ஆண்டுகளில் 38 கிலோ எடையை எட்டிவிட்டது. தோட்டம் உள்ள இந்த வீட்டை விட்டுவிட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போக இருக்கிறோம். உயிரியல் பூங்கா ஒன்றில் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். தெரிந்தவர்கள் இருவர் ஆவலாகக் கேட்கிறார்கள். யாரிடம் கொடுப்பது என்று எப்படி முடிவு செய்வது? – ஒரு வாசகி

பதில்: பூங்காவினர் மறுத்ததற்காக வருந்த வேண்டாம். எந்தப் பெற்றோருக்குப் பிறந்தது, எந்த நோயைச் சுமந்து வருகிறது என்று தெரியாத வளர்ப்பு ஆமையை, தங்களிடம் உள்ள விலங்குகளோடு சேர்க்கப் பெரும்பாலான பூங்காக்கள் தயங்கும். இந்த இனத்தின் நிலையும் விசித்திரமானது. சகாராவின் தெற்கு விளிம்பை ஒட்டிய வறண்ட புல்வெளிகளில் அருகி வருவதால், காட்டில் பிடித்தவற்றை வணிகத்துக்காக ஏற்றுமதி செய்ய, அருகி வரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் விதித்திருக்கும் அளவு பூஜ்யம். ஆனால் வளர்ப்பவர்களிடமோ அவை ஏராளமாகப் பெருகி, ஆமைக் காப்பகங்கள் இடமின்றித் திணறுகின்றன. ஆகவே கேட்டவுடன் கிடைக்கும் என்று எண்ணாமல், சில மாதங்கள் தேட வேண்டியிருக்கும் என்ற கணக்கோடு, வீடு மாறும் நாளுக்கு வெகு முன்பே தொடங்கிவிடுங்கள்.

கேட்கும் இருவரில் யாருக்கு ஆமையின் மீது பிரியம் அதிகம் என்பதைப் பார்க்காதீர்கள். யாரிடம் நிலம் இருக்கிறது என்று பாருங்கள். கலாபகஸ், அல்டாப்ரா தீவுகளின் ராட்சத ஆமைகளுக்கு அடுத்தபடியாக உலகில் மிகப் பெரிதாக வளரும் நில ஆமை இதுதான். ஆண் என்றால் 45 கிலோவைத் தாண்டுவது சாதாரணம். காலையிலும் மாலையிலும் நடந்து மேய்வதும், வெயில் ஏறியதும் மண்ணைத் தோண்டி வளைக்குள் புகுந்துகொள்வதும் அதன் இயல்பு. அந்த வளை சில மீட்டர் நீளத்துக்குப் போகும் என்பதால், வீட்டின் அஸ்திவாரத்தை ஒட்டியோ மதில் சுவரின் ஓரத்திலோ அதற்கு இடம் ஒதுக்குபவர் பின்னால் வருத்தப்பட நேரும்.

இருவரின் வீட்டுக்கும் நேரில் போய்ப் பாருங்கள். புகைப்படத்தை நம்ப வேண்டாம். முதலில் வேலியைக் கவனியுங்கள். கம்பி வலைக்கு அப்பால் பசுமை தெரிந்தால், வழி இருக்கிறது என்றே ஆமை நினைத்துக்கொள்ளும்; ஒரே இடத்தில் முட்டி முட்டி மூக்கின் மேல்தோல் உரிந்தாலும் விடாது, கடைசியில் வலை வளைந்து கொடுக்கும். மறுபக்கம் தெரியாத கட்டைச் சுவரோ பலகை அடைப்போ மண்ணுக்குள்ளும் இறங்கி நிற்பதுதான் பாதுகாப்பு. அடுத்து, இரவுத் தங்குமிடம். இந்த இனம் குளிர்கால உறக்கம் கொள்வதில்லை. ஆகவே குளிர் அடிக்கும் ஊரானால், வெப்பமூட்டிய அறை ஒன்று ஆண்டுதோறும், மின்சாரச் செலவோடு, தேவைப்படும். உணவைப் பற்றியும் கேளுங்கள். புல்லும் வைக்கோலும் என்று பதில் வந்தால் நிம்மதி. பழமும் நாய் உணவும் கொடுப்பேன் என்பவரிடம் நீங்கள் நிறையப் பேச வேண்டியிருக்கும். அங்கே ஏற்கெனவே ஓர் ஆண் ஆமை இருந்து, உங்களுடையதும் ஆணாக இருந்தால், அந்த வீடு வேண்டாம். ஒன்றையொன்று மோதிப் புரட்டிவிடும். மல்லாந்த ஆமை வெயிலில் கிடந்தால் உயிர் போய்விடும். நாய் வளர்ப்பவர் என்றால், அது எவ்வளவு சாதுவாக இருந்தாலும், இரண்டுக்கும் இடையே தடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கேட்கவே சங்கடமான கேள்வி ஒன்று உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள். இந்த ஆமை 50 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. வாங்குபவருக்கு 60 வயது என்றால், அவருக்குப் பிறகு யார் என்பதற்கு அந்த வீட்டில் ஒரு பெயர் சொல்லப்பட வேண்டும்.

கொடுப்பதற்கு முன், ஊர்வன மருத்துவம் அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டி, சாணத்தில் குடற்புழு இருக்கிறதா, மூக்கில் நீர் வடிகிறதா, சிறுநீர்ப்பையில் கல் இருக்கிறதா என்று பார்த்து, அந்த அறிக்கையைக் கையோடு கொடுங்கள். தோலுக்கடியில் மைக்ரோசிப் (அடையாளச் சில்லு) இருந்தால் உரிமையாளர் பெயரை மாற்றுங்கள். வளர்க்கவும் கைமாற்றவும் உரிமமோ பதிவோ தேவையா என்பதை உங்கள் பகுதி வனத்துறையிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். வைத்திருக்க முடியாமல் போனால் முதலில் உங்களிடமே தெரிவிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி நீங்களும் வாங்குபவரும் கையெழுத்திடுவதில் தவறே இல்லை. முகம் தெரியாதவர் இலவசமாகக் கேட்டு வாங்கி, மறுவாரமே விற்றுவிடுவதும் நடக்கிறது.

கேள்வி: யாரும் கிடைக்காவிட்டால் காட்டிலோ ஏரிக்கரையிலோ விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது. ஆழமான நீரில் மூழ்கிவிடும். அது பிழைத்தாலும் மற்றவற்றுக்கு ஆபத்து. அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தில் மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியால் மேல் சுவாசப் பாதை நோய் பரவி, அங்குள்ள பாலைவன ஆமைகள் பெரிதும் பாதிக்கப்பட்டன. வளர்த்தவர்கள் கொண்டுபோய் விட்ட ஆமைகளும் அந்தப் பரவலுக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். மொஹாவியின் பாலைவன ஆமைகள் 1990இல் அச்சுறுத்தலுக்குள்ளான உயிரினமாகச் சட்டப் பாதுகாப்பைப் பெற்றதற்கான காரணங்களில் அந்த நோயும் ஒன்று. பார்க்க நலமாகத் தெரியும் ஆமையும் கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால், புதிய வீட்டில் வேறு ஆமைகள் இருந்தால் குறைந்தது 3 மாதங்களாவது தனியே வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: இவ்வளவு கனமான ஆமையை எப்படிக் கொண்டுபோவது?

பதில்: திரும்பிப் படுக்க இடமில்லாத அளவில், காற்றோட்டமுள்ள உறுதியான மரப்பெட்டி போதும். இருவர் எதிரெதிரே நின்று, உள்ளங்கைகளை ஓட்டின் அடியில் கொடுத்து, சாயாமல் தூக்குங்கள். ஓட்டுக்கும் பின்னங்காலுக்கும் இடையே விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆமை காலை உள்ளிழுத்தால் விரல் நசுங்கும். தூக்கிய மிரட்சியில் சிறுநீரைக் கொட்டிவிடுவது வழக்கம். அதனால் உடலில் நீர் குறைந்துவிடாமல் இருக்க, கிளம்பும் முன்பும் போய்ச் சேர்ந்த பின்பும் வெதுவெதுப்பான, ஆழமில்லாத நீரில் சற்று நேரம் நிற்க வையுங்கள். புது இடத்தில் சில நாட்கள் உண்ணாமல் மூலையில் கிடந்தால் பதற வேண்டாம். இரண்டு வாரமாகியும் புல்லைத் தொடவில்லை, எடையும் இறங்குகிறது என்றால் மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்லுங்கள்.