சின்னம்மா சாட்சிக் கூண்டில் ஏறும் முன்

கேள்வி: என் கணவர் 2018 மார்கழி வெள்ளத்தோடு வீட்டை விட்டுப் போனவர். கைவிட்டுப் போனதாகக் கிளிநொச்சி மாவட்ட நீதிமன்றத்தில் நானே விவாகரத்து வழக்குப் போட்டேன். அழைப்பாணை கிடைத்தும் அவர் மறுமொழி போடவில்லை. ஒருதலைப்பட்ச விளக்கத்துக்கு, அதாவது அவர் இல்லாமலே நடக்கும் விசாரணைக்கு, தவணை கிடைத்திருக்கிறது. சட்டத்தரணி பிடிக்க வசதியில்லை. பக்கத்து வளவுச் சின்னம்மாதான் சாட்சி. அவவுக்கு என்ன சொல்லிக் கொடுப்பது?
- வாசகி, தருமபுரம்

பதில்: பிள்ளை, எதிராளி வராவிட்டாலும் வழக்கை நீங்கள் எண்பிக்கத்தான் வேண்டும். இரண்டு பேரும் சம்மதம் என்பதற்காக எங்கள் சட்டத்தில் விவாகரத்து இல்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் சொல்லும் காரணங்கள் மூன்று: பிறர்மனை உறவு, வன்மத்தோடு கைவிட்டுப் போதல், கலியாண நேரமே இருந்த தீராத தாம்பத்திய இயலாமை. நான் நீதிமன்ற எழுதுவினைஞராக இருந்த காலத்தில் ஒரு பெரியவர், பிள்ளைக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்து, "ரெண்டு பேரும் பேசித்தான் பிரியினம் ஐயா" என்றார். நீதிபதி பேனையைக் கீழே வைத்துவிட்டார். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

திரும்பி வரும் எண்ணமில்லாமல்தான் அவர் போனார் என்பதற்குச் சின்னம்மா என்ன கண்டா? உடுப்புப் பையோடு அவர் படலை தாண்டினதைக் கண்டாவா? கூப்பிடப் போன ஆட்களில் அவவும் ஒராளா? அப்போது அவர் தன் வாயால் என்ன சொன்னார்? "பிள்ளை எனக்குச் சொன்னது" என்று தொடங்கும் கதையை விட்டுவிடச் சொல்லுங்கள். தானே கண்டதும் தன் காதால் கேட்டதும்தான் சாட்சியம்.

திகதி அவவுக்குத் தடக்கும். தடக்கட்டும். "இரணைமடு வான்கதவு திறந்து வெள்ளம் வந்ததே, அந்தக் கிழமை" என்றால் போதும். தெரியாததைத் "தெரியாது ஐயா" என்று சொல்லலாம், அதில் வெட்கமில்லை.

சட்டத்தரணி இல்லாததால் கேள்வி கேட்கப்போவது நீங்கள். இதில்தான் பலர் பிழைவிடுவார்கள். "அவர் என்னை விட்டிட்டுப் போனவர்தானே?" என்றால் கேள்விக்குள்ளேயே பதில் கிடக்கிறது, நீதிபதி நிறுத்திவிடலாம். "அண்டைக்கு எங்கட படலையடியில என்ன கண்டனீங்கள் சின்னம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் நில்லுங்கள். ஆறேழு கேள்விகளை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பதிலை மட்டும் எழுதிக் கொடுத்துப் பாடமாக்க விடாதீர்கள். இடையில் நீதிபதி ஒன்று கேட்டால் பாடமாக்கினது முழுவதும் அறுந்து போகும்.

முந்தின கிழமை ஒருநாள் அவவைக் கூட்டிப்போய், திறந்த மன்றில் வேறு வழக்கு நடக்கும்போது பின்வாங்கில் இருத்துங்கள். கூண்டையும், உறுதியுரை எடுப்பதையும், எழுதி முடிக்கும்வரை பொறுத்துப் பொறுத்துப் பேசுவதையும் கண்டால் பாதிப் பயம் தெளிந்துவிடும்.

விவாகப் பதிவின் உறுதிப்படுத்திய பிரதி கையில் இல்லையென்றால் பிரதேச செயலகப் பதிவாளர் பகுதியில் இப்போதே எடுங்கள். வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவும். தவணைக்கு முன் ஒருக்கா வழக்குக் கட்டை அங்கே காட்டுங்கள். முதலில் கிடைப்பது இடைக்காலத் தீர்ப்பாணைதான். குறைந்தது 3 மாதம் கழித்தே அது முடிந்த தீர்ப்பாகும். அதுவரை மறுமணப் பதிவுக்கு நாள் குறிக்க வீட்டாரை விடாதீர்கள்.