பணம் வாங்க 'பின்' நம்பர் எதற்கு?

கேள்வி: நான் திருச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகளோடு போய் இருக்கப்போவதால் வீட்டைக் காலி செய்கிறேன். பழைய ஃப்ரிட்ஜை 9,000 ரூபாய்க்குத் தருவதாக இணையத்தில் படத்துடன் விளம்பரம் போட்டேன். சிறிது நேரத்திலேயே ஒருவர் போன் செய்தார். ராணுவத்தில் இருப்பதாகவும், இப்போது காஷ்மீரில் பணி, அடுத்த வாரம் திருச்சிக்கு மாற்றலாகி வருவதாகவும் சொன்னார். பேரமே பேசவில்லை. பணத்தை இப்போதே போட்டுவிடுகிறேன், பொருளை எடுக்க ஆள் வரும் என்று ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார். முதலில் 5 ரூபாய்க்கு ஸ்கேன் செய்து பின் நம்பர் போடச் சொன்னார். போட்டேன், 10 ரூபாய் வந்தது. அடுத்து 9,000 ரூபாய்க்கு இன்னொரு கோடு வந்ததும் மனம் ஒப்பவில்லை, நிறுத்திவிட்டேன். நான் செய்தது சரியா? அவர் உண்மையிலேயே ராணுவத்தவராக இருந்தால்? என் பெயரில் உள்ள ஸ்கூட்டரையும் விற்க வேண்டும். படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங் கடைக்காரர். கொடுக்கலாமா?

பதில்: நிறுத்தினீர்களே அம்மா, நல்லது. அந்த 9,000 ரூபாய் உங்களுக்கு வந்திருக்காது. உங்கள் கணக்கிலிருந்து அவருக்குப் போயிருக்கும்.

டீக்கடை மேஜையில் ஒட்டியிருக்கும் கோடு கடைக்காரருடையது. ஸ்கேன் செய்வது நாம், பணம் போவது அவருக்கு. யூபிஐயில் எந்தக் கோடானாலும் இதுதான். பணம் தர வேண்டியவர் உங்களுக்குக் கோடு அனுப்ப வேண்டிய வேலையே இல்லை. உங்கள் போன் நம்பர் தெரிந்தால் போதும், அனுப்பிவிடலாம். பணம் வாங்க நீங்கள் பின் நம்பர் போட வேண்டியதில்லை, எதற்கும் சம்மதம் கொடுக்க வேண்டியதில்லை, போனை அணைத்து வைத்திருந்தாலும் பணம் வந்து சேரும்.

அந்த 5 ரூபாய் விளையாட்டை மட்டும் விளக்கிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களும் விழுவது அங்கேதான். உங்கள் செயலியில் பரிவர்த்தனைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 5 ரூபாய் வெளியே போன வரி ஒன்று இருக்கும். 10 ரூபாய் உள்ளே வந்த வரி தனியாக இருக்கும். இரண்டுக்கும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லை. நீங்கள் பின் போட்டதால் 5 போனது, அவ்வளவுதான். 10 ரூபாயை அவர் தன் கையால் தனியாக அனுப்பியிருக்கிறார். 'பின் போட்டால் பணம் வரும்' என்ற நம்பிக்கையை உங்கள் மனதில் ஊன்ற அவர் செய்த செலவு வெறும் 5 ரூபாய்.

ராணுவம் என்றதும் நமக்கு மரியாதை வந்துவிடுகிறது. அதைத்தான் அவர்கள் பயன்படுத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் அடையாள அட்டை, சீருடைப் படம், கேன்டீன் அட்டை எல்லாம் வரும். அந்தப் படத்தில் இருப்பவர் நிஜமான சிப்பாயாகக்கூட இருக்கலாம். அவருடைய படத்தைத் திருடியவர்தான் உங்களிடம் பேசுகிறார். ஃப்ரிட்ஜ் வாங்குகிறவர் கதவைத் திறந்து பார்ப்பார், கூலிங் ஆகிறதா என்று தொட்டுப் பார்ப்பார், 7,000-க்குக் கேட்பார். பார்க்காமல், பேரம் பேசாமல் சம்மதிக்கிறவருக்கு உங்கள் ஃப்ரிட்ஜ் தேவையில்லை.

கோடு இல்லாமல், 'இவருக்கு இவ்வளவு தர ஒப்புக்கொள்கிறீர்களா' என்று உங்கள் போனுக்கே கோரிக்கை அனுப்பும் வழியும் இருந்தது. தனிநபர்கள் ஒருவருக்கொருவர் அப்படிக் கேட்பதை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டார்கள். யூபிஐ வந்தது 2016-இல். இந்த ஒரு கதவைச் சாத்த இத்தனை வருடங்கள். அதற்குள் எத்தனை ஓய்வூதியக் கணக்குகள் காலியாகின! சில வணிகர்களுக்கு அந்த வசதி இன்னும் உண்டு என்பதால், திடீரென்று 'பணம் செலுத்தச் சம்மதமா' என்று திரையில் ஏதாவது வந்தால் நிராகரித்துவிடுங்கள்.

அடுத்து உங்களுக்கு வரக்கூடியது போலி எஸ்எம்எஸ். '9,000-க்குப் பதில் தவறுதலாக 90,000 போட்டுவிட்டேன், மனைவி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்று அழுவார். உங்கள் போனில் 90,000 வரவு என்று ஒரு செய்தியும் இருக்கும். அதில் அனுப்பியவர் பெயர் வரும் இடத்தைப் பாருங்கள். சாதாரண 10 இலக்க எண் இருந்தால் அது வங்கி அனுப்பியதல்ல, அவரே தட்டச்சு செய்து அனுப்பியது. எப்படியிருந்தாலும் எஸ்எம்எஸ்ஸை நம்பி முடிவெடுக்க வேண்டாம். செயலியில் இருப்பைப் பாருங்கள். இருப்பு பார்ப்பதற்கும் பின் கேட்கும், அதில் தவறில்லை. ஆனால் பின் கேட்கும் திரையில் யாருடைய பெயராவது தொகையோடு தெரிந்தால் அது இருப்பு பார்ப்பதல்ல, வெளியே வந்துவிடுங்கள். கூரியர் செயலி என்று ஏபிகே கோப்பு (போனில் செயலியை நேரடியாக நிறுவும் கோப்பு) அனுப்புவது, திரையைப் பகிரச் சொல்வது எல்லாம் இதே கூட்டத்தின் வேலை. தொடவே வேண்டாம்.

சரி, பணம் நிஜமாகவே கணக்கில் ஏறிவிட்டது. இனிக் கவலையில்லையா? ஃப்ரிட்ஜ், கட்டில், பீரோ என்றால் இல்லை. லேப்டாப், ஐபோன், நகை என்றால் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மகளிடமும் காட்டுங்கள்.

எங்கோ ஒரு மாநிலத்தில் ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணத்தை மோசடிக்காரர்கள் வாடகைக்கு எடுத்த கணக்குகள் வழியாகக் கைமாற்றுகிறார்கள். கடைசியில் அதைப் பொருளாக்க வேண்டும். அதனால் எளிதில் மறுவிற்பனை ஆகும் பொருளை உங்களைப் போன்ற நேர்மையான ஒருவரிடம் முழு விலை கொடுத்து வாங்குகிறார்கள். பணம் அசல், நீங்கள் பொருளையும் கொடுத்துவிட்டீர்கள். பணத்தை இழந்தவர் புகார் கொடுத்ததும் காவல்துறை பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டே வந்து உங்கள் கணக்கை முடக்கச் சொல்கிறது. ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போகும்போதுதான் உங்களுக்குத் தெரியும். பென்ஷன் அதே கணக்கில் என்றால் மருந்துக்கும் காசில்லை.

என்னிடம் வந்த ஒருவர் பழைய லேப்டாப் விற்று வந்த தொகைக்காக முழுச் சம்பளக் கணக்கையும் இழந்து நின்றார். வங்கிக் கிளையில் கேட்டால் வேறு மாநிலக் காவல் நிலையத்தின் மின்னஞ்சல் முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த மின்னஞ்சலுக்குப் பதிலே இல்லை, போனை எடுப்பாரும் இல்லை. குற்றம் செய்யாதவன் தன் செலவில் ரயிலேறி இன்னொரு மாநிலத்துக்குப் போய் நான் நல்லவன் என்று நிரூபிக்க வேண்டும் என்றால் இது என்ன முறை? சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்து, மீதிக் கணக்கை இயங்கவிடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் ஒரு வழக்கில் உத்தரவிட்டது. நியாயமான உத்தரவு. ஆனால் அதைச் சாதாரண ஆளுக்கும் தானாகவே செய்துகொடுக்கும் வங்கிக் கிளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆகவே அப்படிப்பட்ட பொருளை விற்றால், வாங்க வந்தவரின் சொந்தக் கணக்கிலிருந்தே பணம் வர வேண்டும். 'என் நண்பன் போடுவான்', 'ஆபீஸ் கணக்கிலிருந்து வரும்' என்றால் விற்காதீர்கள். அவருடைய ஆதாரில் உள்ள பெயரும் பணம் வந்த கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். என்ன பொருள், சீரியல் எண், விலை, தேதி எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு சீட்டு உங்களிடம் இருக்கட்டும். அவரோடு பேசிய வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். இவ்வளவு செய்தும் கணக்கு முடங்கினால், புகார் எண், காவல் நிலையம், சந்தேகத் தொகை மூன்றையும் வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, விற்பனைச் சீட்டை இணைத்து வங்கிக்கும் அந்தக் காவல் நிலையத்துக்கும் அனுப்புங்கள். 'ஃப்ரீஸ் எடுத்துத் தருகிறோம், பத்து சதவீதம் கொடுங்கள்' என்று வரும் ஏஜென்டுகளிடம் மட்டும் போகாதீர்கள். 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்பவர்களும் அதே ரகம்தான். ஏமாந்தவரையே இரண்டாம் முறை உரிக்கும் தொழில் இது.

உங்களுக்குப் போனது 5 ரூபாய், வந்தது 10. நஷ்டமில்லை. ஆனாலும் அந்தப் போன் நம்பரை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில், சந்தேக அழைப்புகளுக்கான சக்‌ஷு பகுதியில் புகார் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது 9,000-ஐ இழந்திருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். மறுநாள் ஆபீஸ் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்தினால்தான் மீட்க வழி உண்டு. வங்கியிடமிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். பின் போட்டது நீங்கள்தானே என்று கையை விரித்துவிடும்.

இனி ஸ்கூட்டர். கன்சல்டிங் கடைக்காரர் கேட்பது வண்டியின் பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவே கூடாது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் நம் ஊரில் நடக்கும் அநியாயத்துக்கு அளவில்லை. கடைக்காரர் வண்டியைத் தன் பெயருக்கு மாற்றுவதில்லை, அதற்குச் செலவாகும். உங்கள் கையெழுத்தை மேஜை டிராயரில் வைத்துக்கொண்டு யாருக்கு வேண்டுமானாலும் விற்பார். வாங்கியவரும் பெயர் மாற்றாமல் அடுத்தவருக்கு விற்பார். ஆர்டிஓ பதிவேட்டில் வண்டி உங்களுடையதாகவே இருக்கும். அபராதச் சலான் உங்கள் போனுக்கு வரும், வண்டி குற்றத்துக்குப் பயன்பட்டால் போலீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். பலர் கைமாறிய ஒரு காரின் விபத்து வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. 'நான் விற்றுவிட்டேனே' என்ற வாதம் எடுபடவில்லை.

பழைய வண்டி வியாபாரிகள் ஆர்டிஓவிடம் அங்கீகாரம் வாங்க வேண்டும், வண்டி அவர்கள் கைக்குப் போனதைப் படிவம் 29சி மூலம் இணையத்தில் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் முதல் மத்திய விதியே இருக்கிறது. அப்படித் தெரிவித்தால் பொறுப்பு வியாபாரிக்குப் போய்விடும். உங்கள் கடைக்காரரிடம் அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் பேசலாம். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். கேட்க வேண்டிய அதிகாரிகள் கேட்பதில்லை என்பதால், நாம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

நேரடியாக ஒருவரிடம் விற்பதே மேல். விளம்பரத்தில் நம்பர் பிளேட்டை மறைத்துவிடுங்கள். ஆர்சி புக்கின் படத்தை யாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், அதை வைத்து உங்கள் பெயரிலேயே போலி விளம்பரம் போடுவார்கள். ஓட்டிப் பார்க்க வந்தவர் தன் வண்டியையும் சாவியையும் உங்களிடம் விட்டுவிட்டுப் போகட்டும், வீட்டில் துணைக்கு ஒருவர் இருக்கட்டும். வாங்குபவரின் பெயர், முகவரி எல்லாம் நிரப்பிய பிறகே படிவத்தில் கையெழுத்து. வண்டி எந்தத் தேதியில் எத்தனை மணிக்குக் கை மாறியது என்று எழுதி, அதிலும் அவர் கையெழுத்து வாங்குங்கள். விற்றதை 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை. அதை வாங்குபவரிடம் விடாமல் நீங்களே செய்து, ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்து மத்திய அரசின் வாகனப் பதிவு விவரங்கள் உள்ள பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்து, இன்னும் உங்கள் பெயரே இருந்தால் அந்த ஒப்புகையின் நகலுடன் ஆர்டிஓவுக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள்.