ஜேசன் ஸ்டேதம் உடம்பும் சண்டையும்: கேள்வி பதில்

கும்பகோணத்தில் 20 வருடமாகச் சிலம்பமும் உடற்பயிற்சியும் சொல்லித் தருகிறேன். ஹாலிவுட் நடிகர் ஜேசன் ஸ்டேதம் பற்றி நம் பக்கத்துப் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் இது.

மாஸ்டர், அவருக்கு நிஜமாகவே சண்டை தெரியுமா? (மன்னார்குடி)

தெரியும் தம்பி. கராத்தே, கிக் பாக்சிங் எல்லாம் பழகியவர். ஆனால் அவர் அஸ்திவாரம் டைவிங். 1990-இல் ஆக்லாந்தில் நடந்த காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்துக்காகக் குதித்தவர். 10 மீட்டர் மேடையிலிருந்து தண்ணீரைத் தொட ஏறக்குறைய ஒன்றரை நொடிதான். அதற்குள் உடம்பைச் சுருட்டித் திருப்பி நிமிர்த்தியாக வேண்டும். அவர் உதையில் இருக்கும் சுத்தம் அங்கிருந்துதான் வந்தது என்பேன்.

'டிரான்ஸ்போர்ட்டர்' எண்ணெய்ச் சண்டையை நானும் நண்பனும் ரீல்ஸ் எடுக்கலாம் என்றிருக்கிறோம். அடிபடாமல் எப்படிச் செய்வது அண்ணே? (பாபநாசம்)

எண்ணெய் வேண்டவே வேண்டாம். 2002-இல் வந்த அந்தப் படத்துக்குச் சண்டை அமைத்தவர் ஹாங்காங்கின் கோரி யூன். தரையெல்லாம் எண்ணெய்; அடியாட்கள் வழுக்கி விழ, ஸ்டேதம் மட்டும் சைக்கிள் பெடலைக் காலில் மாட்டிக்கொண்டு நிற்பார். நடவு வயலில் இறங்கியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கால் ஊன்றத் தெரிந்தவன்தான் நிற்பான்.

குத்துக்கு வருவோம். நண்பன் முகத்துக்கும் உங்கள் முஷ்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். செல்போனை அவன் தோளுக்குப் பின்னால் வையுங்கள். அங்கிருந்து பார்த்தால் அந்த இடைவெளி தெரியாது. கை மூக்கைத் தாண்டும் அதே கணத்தில் அவன் தலையைத் திருப்ப வேண்டும். பாதிச் சண்டை அடி வாங்குகிறவன் கையில்தான் இருக்கிறது. சிலம்பத்தில் ஜோடி கட்டும்போது எண்ணிக்கை சொல்லி மெதுவாகப் பழகுவோம் அல்லவா, அதேதான். மெதுவாக 30 தடவை செய்த பிறகு வேகம் கூட்டுங்கள். ஒரு திருவிழா மேடையில், நேரமில்லை என்று நான் ஒத்திகையைக் குறைத்தேன். ஒரு பையனுக்குப் புருவம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. அதிலிருந்து ஒத்திகை இல்லாமல் யாரையும் மேடையேற்றுவதில்லை.

அவர் செய்யும் பயிற்சியை வீட்டில் செய்ய முடியுமா? (திருவாரூர்)

முடியும். ரோயிங் மெஷினில் (உட்கார்ந்து துடுப்பு வலிப்பது போல இழுக்கும் கருவி) உடம்பைச் சூடாக்கிக்கொண்டு தொடங்குவார். நமக்கு ஸ்கிப்பிங் போதும். அப்புறம் தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை. ஒருநாள் செய்ததை மறுநாள் அப்படியே செய்யாமல் மாற்றி மாற்றிச் செய்வது அவர் வழக்கம். செய்ததை நோட்டில் எழுதியும் வைப்பார். இந்த நோட்டுப் பழக்கத்தை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்கு 17 வயது. சோறே வேண்டாம், புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடு என்கிறான். (திருவையாறு, ஒரு அம்மா)

சோற்றை நிறுத்த வேண்டாம் அக்கா, வளர்கிற பிள்ளை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், 100 கிராம் பச்சைப்பயறில் ஏறக்குறைய 24 கிராம். நெல் அறுத்த வயலில் உளுந்தும் பயறும் தெளிக்கிற ஊர் நம்முடையது. ஊறவைத்த பயறு, முட்டை, வாரம் இரண்டு நாள் மீன் கொடுங்கள். மைதாவையும் சர்க்கரையையும் குறைக்கச் சொல்லுங்கள், ஸ்டேதமும் அதைத்தான் செய்தார்.

அவரைப் போல டைவ் பழக, கொள்ளிடம் பாலத்திலிருந்து குதிக்கிறோம். சரியா மாஸ்டர்? (சீர்காழி பக்கம்)

கூடவே கூடாது. 10 மீட்டர் மேடைக்குக் கீழே 5 மீட்டர் ஆழத் தண்ணீர் வைத்திருப்பார்கள். கொள்ளிடத்தில் நேற்று ஆழமாக இருந்த இடம் இன்று மணல் திட்டு. பக்கத்திலேயே மணல் அள்ளிய பள்ளம், சுழல். தலைகீழாய்ப் போய்க் கழுத்து எலும்பு முறிந்தால் ஆயுசுக்கும் படுக்கைதான்.

நீச்சல் மட்டும் நன்றாகப் பழகுங்கள். 'எக்ஸ்பெண்டபிள்ஸ் 3' படப்பிடிப்பில் அவர் ஓட்டிய லாரி பிரேக் பிடிக்காமல் கருங்கடலுக்குள் பாய்ந்தது. லாரியிலிருந்து வெளியேறி நீந்தித் தப்பினார். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்ததும், நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு, படித்துறையில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் தொடங்குங்கள்.