பிணந்தின்னிக் கழுகுகள் உலகில் எங்கெல்லாம் வாழ்கின்றன?
ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா இரண்டையும் விட்டால் மற்ற எல்லாக் கண்டங்களிலும் உண்டு. மொத்தம் 23 இனங்கள்: ஆசியா, ஆப்பிரிக்கா, ஐரோப்பாவில் 16, அமெரிக்கக் கண்டங்களில் 7.

பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் இந்த இரண்டு கூட்டமும் நெருங்கிய சொந்தம் இல்லை. செத்ததைத் தின்று வாழும் பிழைப்புதான் இரண்டையும் ஒரே தோற்றத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது. இரை தேடுவதிலும் வித்தியாசம் உண்டு. ஆப்பிரிக்கப் புல்வெளியில் கண்தான் எல்லாம். ஒரு கழுகு சட்டென்று இறங்கினால், தூரத்தில் வட்டமிடும் மற்றவை அதைக் கவனித்துப் பின்னாலேயே வந்துவிடும். அமெரிக்காவின் வான்கோழிக் கழுகோ மோப்பம் பிடிக்கும். அடர்ந்த காட்டில் இலைகளுக்கடியில் கிடக்கும் சின்னப் பிணத்தைக்கூடக் கண்டுபிடித்துவிடும்.

அப்புறம் மலைகள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடரில் வாழும் காண்டோர் என்ற கழுகின் சிறகு விரிப்பு 3 மீட்டரைத் தாண்டும். எனக்கு மிகவும் பிடித்தது இமயமலை, ஆல்ப்ஸ், எத்தியோப்பிய மேட்டுநிலங்களில் வாழும் தாடிக் கழுகு. அதன் முக்கிய உணவே எலும்புதான். பெரிய எலும்பை உயரே தூக்கிப் போய்ப் பாறைமேல் போட்டு உடைத்து, துண்டுகளை அப்படியே விழுங்கும்.

இருக்கும் இடங்களிலும் இவை வேகமாகக் குறைந்து வருவதுதான் வேதனை. தெற்காசியாவில் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற வலி மருந்து, அவற்றின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைத்தது. வெண்முதுகுக் கழுகு உட்பட மூன்று இனங்கள் 95 சதவீதத்துக்கும் மேல் அழிந்தன. 2006-இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடைசெய்தன.